விசிலுக்கும் மேளத்துக்கும் நடுவே

கடையை விட்டு இறங்குமுன் இன்பராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கிறான். புளூடூத் அணைந்திருக்கிறது. போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். பைக்கில் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தட்டிவிடுவதற்குள் மறுபடியும் எடுத்துப் பார்க்கிறான். அணைந்துதான் இருக்கிறது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. இவனும் அந்த ரகம்தான். ஒரே வித்தியாசம், அவர்கள் போய்ப் பார்த்தால் அடுப்பு மூடியே இருக்கும். இன்பராஜுக்கு ஒரு தடவை திறந்து கிடந்தது.

ஆம்பூர் பைபாஸில், சர்வீஸ் ரோட்டு வேகத்தடையை ஒட்டி இருக்கிறது அவன் கடை. ‘இன்பா சவுண்ட்ஸ்’ என்று மஞ்சள் பலகை. கார்களுக்குப் பாட்டு செட் பொருத்துவது தொழில். டாஷ்போர்டில் ஒரு பெட்டி, கதவுக்கு ஒரு ஸ்பீக்கர், அவ்வளவு போதும் என்கிறவர்களை அவன் மரியாதையாகப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவான். இவனைத் தேடி வருவது வேறு கூட்டம். டிக்கியில் ஸ்டெப்னிக்குக்கூட இடம் வைக்காமல் சப்-ஊஃபர்களை அடுக்கி, அவற்றுக்குத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர், முன்கதவுக்குத் தனி, பின்கதவுக்குத் தனி என்று வரிசையாகப் போட்டு, வண்டி தெருமுனைக்கு வருமுன்பே அதன் அதிர்வு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற கூட்டம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, கலவை என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

ஆள் ஒல்லி. வண்டிக்குள் மடங்கிப் படுத்தே முதுகு கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது. முன்பல் ஒன்றில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து உரித்து விழுந்த பள்ளம் அது. உரிப்பதற்கென்றே இருக்கும் கருவியை வேலூரிலிருந்து வாங்கி வந்தான். வாங்கி வந்த நாளிலிருந்து சுவரில் ஆணியில் தொங்குகிறது. கேட்டால், “பல்லுக்குத்தான் உள்ள இருக்கற செம்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்” என்பான்.

தொழிலில் அவனுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பேட்டரியிலிருந்து வரும் மொத்த ஒயர் வண்டியின் இடது ஓரமாகவே பின்னால் போக வேண்டும். பாட்டைக் கொண்டுபோகும் ஒயர் வலது ஓரம். “கரண்டும் பாட்டும் ஒரே பக்கம் போவக்கூடாதுண்ணா. போச்சுன்னா, ஆக்சிலேட்டர மிதிக்கும்போதெல்லாம் காதுக்குள்ள கொசு கூவும்.” எத்தனை ஆம்ப்ளிஃபயர் போட்டாலும் எர்த் எல்லாம் ஒரே இடத்தில், பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகுதான் முறுக்குவான். இரண்டு சப்-ஊஃபரில் ஒன்றுக்குப் பிளஸ் மைனஸ் மாறிப்போனால் சத்தமே எழும்பாது. அதை அவன் வாடிக்கையாளர்களுக்கு விளக்குகிற விதம் இது: “நின்னுபோன வண்டிய ஒருத்தன் முன்னாடி நின்னு தள்றான், ஒருத்தன் பின்னாடி நின்னு தள்றான். வண்டி எங்க போவும்? ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கறதுதான் மிச்சம்.”

அவன் மனைவி மேகலா ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட்டில் வேலை செய்கிறாள். அங்கே கழித்துப் போடும் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவாள். இன்பராஜ் அவற்றை வெட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அடியிலும் பெட்டியின் மூலைகளிலும் ஒட்டுவான். எதுவும் கடகடவென்று ஆடாது. அவன் கை பட்ட வண்டியின் டிக்கியைத் திறந்தால் ஒரு செருப்புக் கடையின் வாசனை வரும். இந்த ஊரில் அதை யாரும் வாசனை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாம் முடிந்ததும் சோதனை. அதற்கு அவன் போனில் ஒரு கல்யாண ஊர்வலக் குத்து மேளம் இருக்கிறது. யாரோ பதிவு செய்து அனுப்பியது. முதலில் நீளமாக ஒரு விசில். பிறகு ஒருவன் “ஏய்!” என்று கத்துவான். அதன்பின் விழும் மேளம். விசிலில் முன் ஸ்பீக்கர்களின் யோக்கியதை தெரிந்துவிடும், மேளத்தில் சப்-ஊஃபரின் யோக்கியதை. டீ கிளாஸை டிக்கி மூடிமேல் வைத்துவிட்டுப் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். மேளம் விழுந்ததும் இறங்கி வந்து, டீ சிந்தாமல் மேல்மட்டம் மட்டும் சிலிர்க்கிறதா என்று குனிந்து பார்ப்பான். சிலிர்த்தால் அதை எடுத்துக் குடித்துவிடுவான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒரு சின்னத் திருட்டுத்தனமும் அவனிடம் இருந்தது. சோதிப்பதற்காகத் தன் போனை வண்டியின் செட்டோடு இணைப்பானல்லவா, வேலை முடிந்ததும் அந்த இணைப்பை அழித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். மற்ற வண்டிகளில் அழித்துவிடுவான். மனசுக்குப் பிடித்து, ராத்தூக்கத்திலும் நினைத்துப் பார்க்கிற மாதிரி அமைந்துவிட்ட வண்டிகளில் மட்டும் அழிக்க மாட்டான். அந்த வண்டி எப்போதாவது கடை முன்னால் வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது, சொந்தக்காரரின் போன் இணையாமல் இருந்தால், இவன் பையிலிருக்கும் போன் ஒருமுறை அதிரும். வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே “குடியாத்தம் ஸ்விஃப்ட் போவுது” என்பான். நல்ல தோஸ்தின் வண்டியாக இருந்தால் விசிலை மட்டும் ஒரு தட்டு தட்டி நிறுத்துவான். வண்டிக்குள் இருப்பவன் துள்ளிக் குதிப்பான். ஓவியன் படத்தின் மூலையில் பெயர் எழுதுவதுபோல அது தன் கையெழுத்து என்று இன்பராஜ் நினைத்துக்கொண்டிருந்தான்.

வாஹித் பாஷாவின் வெள்ளை இன்னோவா அப்படி அமைந்த வண்டி. வாஹித் பாஷா, மேகலா வேலை செய்யும் அந்தத் தையல் யூனிட்டின் முதலாளி. அவருக்குப் பாட்டில் ஆசையில்லை. ஆசையெல்லாம் மகன் ஹம்மாதுக்கு. காலேஜ் முடித்துவிட்டு யூனிட்டைப் பார்த்துக்கொள்ள வந்த பையன். “ணா, பேஸு நெஞ்சுல வந்து உக்காரணும்ணா” என்று தினமும் கடைக்கு வந்து நின்றான். இன்பராஜும் உயிரைக் கொடுத்துச் செய்தான். போன் இணைந்ததும், அதில் கடைசியாக ஓடிய பாட்டைத் தானே எடுத்துப் பாடுகிற புது ரக செட் அது. வண்டியை எடுக்க வந்த அன்று ஹம்மாது ‘தாதா’ என்று கூப்பிடும் தாத்தா, பெரிய பாய் அஹமது பாஷாவும் கூடவே வந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒளிரும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுல நியூஸ் வருமா?” என்று கேட்டார். ஹம்மாது சிரித்துச் சிரித்து, தாத்தாவின் தோளில் சாய்ந்துகொண்டான். இன்பராஜ் அவருக்கு நியூஸ் வைத்துக் காட்டினான். சாவியைக் கொடுத்தான். இணைப்பை அழிக்கவில்லை.

அந்த வாரமே, தொழுகைக்குக் கை கால் அலம்ப உட்கார்ந்த பெரிய பாய் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இன்பராஜ் கடையைப் பூட்டிவிட்டு மய்யித்து வீட்டுக்குப் போனான். தெரு முழுக்கத் தொப்பி போட்ட தலைகள். யூனிட் ஆட்கள் ஒருபக்கம் கூடி நின்றார்கள். அவர்களோடு போய் நின்றிருக்கலாம். கால் தானாக வெள்ளை இன்னோவாவின் பக்கம் போனது. பெண்கள் வந்து இறங்கிய வண்டி, நாலு கண்ணாடியும் இறங்கியபடி, சுவரோரம் நின்றிருந்தது. சாவு வீட்டில்கூடத் தன் வேலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

உள்ளே ஓதும் சத்தம் நின்றது. பெரிய பாயின் உடலை வைத்த பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். “சந்தூக் வருது, வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க” என்றார்கள். டிரைவர் சத்தார் ஓடி வந்து சாவியைத் திருகினார். இன்பராஜின் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

பிறகு அந்த விசில்.

தெருவே திரும்பியது. அந்த விசில் எவ்வளவு நீளம் என்று இன்பராஜைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் இல்லை. அடுத்து “ஏய்!” வரும், அதற்கடுத்து மேளம் விழும். கையைப் பைக்குள் விட்டு ஒரு பொத்தானை அழுத்த அந்த நேரம் தாராளமாகப் போதும். கை எழவில்லை. எல்லாரும் பார்ப்பதுபோலவே அவனும் வண்டியைப் பார்த்தான், யாருடைய வேலை இது என்பதுபோல. மேளம் விழுந்தது. நெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட அடி, வாசற்படியில் சந்தூக்கைத் தாங்கி நின்றவர்களின் நெஞ்சில் போய் விழுந்தது. சத்தார் எதை எதையோ அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் எந்தப் போனின் பெயர் எரிகிறது என்று படிக்க அவருக்குத் தெரியாது. கடைசியில் சாவியையே பிடுங்கினார். இன்பராஜின் கை இப்போது எழுந்தது. பைக்குள் போய், யாருக்கும் தெரியாமல் புளூடூத்தை அணைத்துவிட்டு வெளியே வந்தது.

வாஹித் பாஷா சந்தூக்கைப் பக்கத்திலிருந்தவர் தோளுக்கு மாற்றிவிட்டு நேராக நடந்து வந்து, மகனைக் கன்னத்தில் அறைந்தார்.

“தாதா இன்னும் வாசல தாண்டல. உனக்கு பாட்டு கேக்குதா?”

“நான் இல்ல அத்தா. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல.”

“அந்த எழவு செட்ட போட்டது யாரு, நானா? தள்ளி நில்லு. நீ தோள் குடுக்காத. சந்தூக்க தொடாத.”

ஹம்மாது தள்ளி நின்றான். தாத்தா பேரனுடைய தோளில்லாமல் போனார். சத்தார் மறுபடி சாவியைத் திருகியபோது வண்டி ஊமையாகக் கிளம்பியது. இன்பராஜும் கூட்டத்தோடு பள்ளிவாசல்வரை நடந்தான். நடந்துகொண்டே, இப்போது சொன்னால் இன்னும் கலாட்டாதான் ஆகும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சபை கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறவன்தான் அவன். நூறு வாய் சேர்ந்து அசையும்போது தன் வாயும் அசைவதில் ஒரு சிரமமும் இல்லை. தனியாகத் திறக்க வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்புறம் என்பது வரவில்லை. தைரியம் திரட்டிக்கொண்டு ஒரு நாள் யூனிட் வாசல்வரை போனான். வாஹித் பாஷா வெளியே வந்து, “இன்னா இன்பா?” என்றார். “ஒண்ணும் இல்ல பாய். சும்மா, பேட்டரி எப்டி இருக்குன்னு கேட்டுட்டு போலாம்னு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். வரும் வழியெல்லாம் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மேகலா மாலையில் வந்து யூனிட் கதையெல்லாம் சொல்வாள். “பாய் இன்னும் அந்தப் புள்ளகிட்ட பேசறதில்லயாம். எதுவா இருந்தாலும் சூப்பர்வைசர உட்டு சொல்றாரு. அதுவும் பாவம், ஒரு மூலையா உக்காந்துக்குது. செத்த வீட்ல பாட்டு போட்டா இன்னாதான் பண்ணுவாங்க.” இன்பராஜ் தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டே இருப்பான். “இன்னா, குழம்பு நல்லா இல்லயா?” என்பாள். நல்லாத்தான் இருக்கு என்பான். சொன்னால் அவள் வேலை போய்விடும் என்று ஒரு காரணத்தைக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருந்தான். வாஹித் பாஷா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது அவனுக்கே தெரியும். அது வெறும் கோழைத்தனம்தான் என்பதும் தெரியும்.

எல்லா வண்டிகளிலிருந்தும் தன் பெயரை அழிக்க ஆரம்பித்தான். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, இலவசமா செக் பண்ணித் தர்றேன் என்று வரவழைத்து அழித்தான். வெள்ளை இன்னோவாவை மட்டும் கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை. சோதனைக்கு இப்போது பென் டிரைவில் வயலின் வைக்கிறான். டீ கிளாஸ் டிக்கிமேல் ஏறுவதில்லை, கையிலேயே ஆறிப்போகிறது. அந்த மேளத்தை மட்டும் ஏனோ போனிலிருந்து அழிக்கவில்லை.

போன சனிக்கிழமை வெள்ளை இன்னோவா வேகத்தடையில் ஏறி இறங்கிக் கடை வாசலில் வந்து நின்றது. சத்தார் ஓட்டி வந்தார். முன்சீட்டில் வாஹித் பாஷா. பின்னாலேயே பைக்கில் வந்த ஹம்மாது ஓரமாக நின்றுகொண்டான்.

“எல்லாத்தையும் கழட்டிடு இன்பா,” என்றார் வாஹித் பாஷா, சீட்டை விட்டு இறங்காமலே. “வண்டி கம்பெனிலருந்து வந்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டி ஆக்கிடு.”

“பாய், நல்லா போட்ட ஒயரிங் பாய். ஒரு தடவ யோசிச்சு…”

“யோசிச்சாச்சு. கழட்டுனத இன்னா பண்றதுன்னு அவங்கிட்ட கேட்டுக்கோ.”

‘அவன்’ கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

எதைக் கழற்றுவதானாலும் முதல் வேலை பேட்டரியின் மைனஸ் ஒயரை எடுப்பது. தொழில் கற்ற முதல் நாளே கற்றுக்கொள்வது அது. இந்த செட்டுக்கு ஒரு குணம்; பேட்டரி விட்டுப்போனால் அதுவரை இணைந்த எல்லாப் பெயர்களையும் மறந்துவிடும். ஒரு நட்டை இளக்கினால் போதும், சாட்சி இல்லாமல் போய்விடும். இன்பராஜ் பானெட்டைத் திறந்து தூக்கி நிறுத்தினான். அது வண்டிக்குள் இருப்பவர்களின் கண்ணிலிருந்து அவனை முழுசாக மறைத்தது. ஸ்பேனரை நட்டில் பொருத்தினான்.

ஹம்மாது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ணா, உங்களுக்கு தெரியும்லணா. போன் சேராம செட்டு தானா பாடுமா? என் போனு அன்னிக்கு காலைலயே ஆஃப் ஆய்டுச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லியே சார்ஜ் போய்டுச்சு. அத்தா நம்பல.”

இன்பராஜ் ஸ்பேனரை நட்டில் இன்னும் ஆழமாக இறக்கினான்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கணா. செட்டு கோளாறுன்னாவது சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு.” தன் தோளைத் தொட்டுக் காட்டினான். “தாதாவுக்கு தோள் குடுக்க உடலணா என்ன.”

செட்டுக் கோளாறு. இத்தனை நாள் யோசித்தும் தனக்குத் தோன்றாத வழியை இந்தப் பையனே எடுத்து நீட்டுகிறான். சொன்னால் அப்பனும் மகனும் பேசிக்கொள்வார்கள். நட்டு இளகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்பராஜால் அந்தப் பையனின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

“நீ போய் அத்தா பக்கத்துல நில்லு,” என்றான். பிறகு சத்தமாக, “சத்தார் பாய், சாவி போடுங்க.”

“கழட்டறதுக்கு சாவி எதுக்கு?” என்றார் வாஹித் பாஷா உள்ளேயிருந்து.

“போடச் சொல்லுங்க பாய்.”

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பானெட்டுக்குப் பின்னால் நின்று இன்பராஜ் போனை எடுத்தான். விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தான். புளூடூத்தைத் தட்டினான். பழைய நாட்களைப் போலவே உள்ளங்கைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது.

விசில் கிளம்பியது. வண்டிக்குள் வாஹித் பாஷா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்த ஹம்மாது திரையில் எரியும் ஆங்கில எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தான். “இன்பா…” என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

இன்பராஜ் தாங்குகம்பியை எடுத்துவிட்டு பானெட்டை இறக்கி மூடினான். இப்போது அவனுக்கும் வாஹித் பாஷாவுக்கும் நடுவில் முன்கண்ணாடி மட்டும்தான். போனை நெஞ்சளவுக்கு உயர்த்தி, அதன் திரை அவர் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தான். “ஏய்!” என்றான் பாட்டுக்குள் இருப்பவன். மேளம் விழுந்தது. கண்ணாடி நடுங்கியது. அவன் கையை இறக்கவில்லை.